அவளுக்குப் பிறகு ஒரு நாள்

ஒரு தாய் தன் பிள்ளை தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று ஜெபிக்கலாமா? நான் ஜெபித்தேன். ஆத்திரத்தில் ஒருநாள் வாய்தவறிக் கேட்டது அல்ல. அவள் பிறந்த வருஷத்திலிருந்து கேட்டேன். முழங்காலில் நின்று கேட்டேன். முழங்கால் தேய்ந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். "ஆண்டவரே, பியூலாவை எனக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும். அவளுக்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு நாள் கொடும். குளிப்பாட்டி அடக்கம் செய்ய ஒரு நாள். அதற்கு மேல் வேண்டாம்." இதுதான் என் ஜெபம்.

சபையாருக்கு ஸ்தோத்திரம். எனக்கு எண்பத்து மூன்று வயது முடிந்திருக்கிறது. கர்த்தர் கொடுத்த நீண்ட ஆயுசைப் பற்றி ஒரு சாட்சி எழுதித் தாருங்கள் என்று போதகர் கேட்டார். "சின்னதா, சந்தோஷமா எழுதுங்க டீச்சர். வாலிபப் பிள்ளைங்க படிக்கணும்" என்றார். சின்னதாக எழுத எனக்கு வராது. சந்தோஷமாக இருக்கிறதா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். உங்களில் பாதிப் பேர் என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள். டீச்சர் பொய் சொல்ல மாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லாதவரை சும்மா இருப்பேன், சொன்னால் முழுசாகத்தான் சொல்லுவேன்.

என் மகன் தானியேலுக்கு எட்டு வயதானபோது, இனி பிள்ளை இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்த காலத்தில், பியூலா பிறந்தாள். கண் மேலே சாய்ந்து, நாக்கு வெளியே தள்ளி, கழுத்து துவண்டு கிடந்தாள். மூளை வளர்ச்சி குறைவு, பேச்சு வர நாளாகும், நெடுநாள் இருக்கவும் மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த அன்று என் மாமியார் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு நாளு பால் காட்டாம வுடு. தானா முடிஞ்சிரும். யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். கெட்ட மனுஷி இல்லை. ஆலயத்தில் முதல் பாயில் உட்கார்ந்து பாடுகிறவர். அவரைப் பொறுத்தவரை அது இரக்கம்.

நான் பால் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டேதான் அந்த ஜெபத்தைத் தொடங்கினேன். வயிற்றுக்குப் பாலும் கொடுத்து, எடுத்துக்கொள் என்று கர்த்தரையும் கேட்டால் இது என்ன நியாயம் என்று கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவளுக்கு இது விளங்கும்.

என் வீட்டுக்காரர் அவளை அடித்ததில்லை, திட்டினதில்லை. பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஒரே வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். அவள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிச் சாப்பிட்டு எழுந்து போவார். ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். அவர் போனதும் பியூலா செய்த முதல் வேலை, அவர் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டதுதான்.

வீட்டில் விட ஆளில்லை. பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போனேன். அப்போது இங்கே கம்பெனி ஒன்றும் இல்லை. பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் எங்கே பார்த்தாலும் நெல்லும் வேர்க்கடலையும்தான். தலைமையாசிரியர் நல்ல மனுஷர், கண்டுகொள்ளவில்லை. ஒன்றாம் வகுப்பில் சுவர் ஓரமாக அவளை உட்கார வைத்தேன். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அவள் ஒன்றாம் வகுப்புதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவள் சிநேகிதிகள் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு, இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். இவள் வாசல் வரை ஓடிப்போய் நின்று அழுவாள். ஒரு வாரம் அழுவாள். புதுப் பிள்ளைகளோடு பழகி முடிக்கும்போது அடுத்த ஜூன் வந்துவிடும். அவளுக்குத் தலைமுடி நரைக்கத் தொடங்கிய பிறகும் ஜூன் மாதம் வந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது.

பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மற்றப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? அவளுக்குப் பள்ளிக்கூடம் வேறு, வீடு வேறு என்ற பிரிவு பிடிபடவில்லை. ஆயுசு முழுக்க நான் அவளுக்கு டீச்சர்தான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கடைசியில் அவள் பெயரைக் கூப்பிடுவேன். "உள்ளேன் டீச்சர்" என்று கையைத் தூக்குவாள். அந்த இரண்டு வார்த்தை மட்டும் அவளுக்குத் தெளிவாக வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளை உட்கார வைக்க வேறு வழி தெரியாமல், அங்கேயும் பெயரைக் கூப்பிட்டுப் பழக்கினேன். "பியூலா." "உள்ளேன் டீச்சர்." பிறகுதான் தட்டில் கை வைப்பாள். வீட்டிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. நான் பெயரைக் கூப்பிடாமல் அவள் ஒரு பருக்கை தின்றதில்லை. இது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுக்காக ஜெபிக்காத ஊழியக்காரர் இல்லை. ஒரகடத்தில் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் காலி மனையில் பந்தல் போட்டு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். நம் சபைப் பெண்கள்தான் எங்களை மேடைக்குத் தள்ளினார்கள். அவர் பியூலாவின் தலையில் கையை வைத்து அழுத்தினார். அவள் விழவில்லை. இன்னும் அழுத்தினார். பயத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிசாசின் கட்டு அறுந்தது, இனி தெளிவாகப் பேசுவாள் என்று மைக்கில் அறிவித்துவிட்டு, "மகளே, உன் பேர் என்ன?" என்று மைக்கை நீட்டினார். இவள் கையைத் தூக்கி, "உள்ளேன் டீச்சர்" என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. தாயின் அவிசுவாசம் தடையாக நிற்கிறது என்று சொல்லி அவர் எங்களை இறக்கிவிட்டார். பியூலாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டே இறங்கினாள். தன் புடவை நனைந்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வாயைத் திறந்தேன். ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்ல, எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பது நம் வழக்கம். மகனுக்கு கம்பெனியில் பர்மனென்ட் ஆக வேண்டும், மகளுக்கு வரன் வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வந்தார்கள். என் முறை வந்ததும், "பியூலா எனக்கு முன்னால் போக வேண்டும். அதற்காக ஜெபியுங்கள்" என்றேன். நடத்துகிற சகோதரி, "இப்படியெல்லாம் கேக்கக் கூடாது டீச்சர். பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் சுகத்துக்காகச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அந்த வாரமே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெற்ற பிள்ளை சாகக் கேட்கிறாளாம் என்று. கேட்டேன்தான். இல்லையென்று நான் யாரிடமும் மறுக்கவில்லை.

வருஷங்கள் போயின. வயல் போய் காம்பவுண்டு சுவர் வந்தது. என்னிடம் படித்த ஒருவன் நிலத்தை விற்றுப் பெரிய கார் வாங்கி, என் வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான். "இன்னா டீச்சர், நல்லா கீறீங்களா? அது... அந்தப் பொண்ணு இன்னும் உசுரோட கீதா?" என்றான். கள்ளம் இல்லாத பையன், நலம்தான் விசாரித்தான். "கீதுடா" என்றேன். "போகும்போது கண்ணாடிய ஏத்திக்கினு போ, தூசி" என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது என் நெருக்கடிக்கு வருகிறேன். கொரோனா அடங்கிய அடுத்த வருஷம், பங்குனி வெயிலில், குடம் தூக்கிக்கொண்டு நடந்தவள் மூச்சு வாங்கி விழுந்தேன். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயம் பலவீனம், நுரையீரலில் நீர் என்றார்கள். பிழைப்பது கஷ்டம் என்பதை மகனிடம் மெதுவாகச் சொன்னார்கள். காது மந்தமான கிழவிக்குக் கேட்காது என்ற தைரியம். எனக்கு எல்லாம் கேட்டது.

தானியேல் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். படப்பையில் சொந்த வீடு. பியூலாவை அங்கே கூட்டிப் போனான். போனதிலிருந்து அவள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்தார்கள். கெஞ்சினார்கள், அதட்டினார்கள். மருமகள் விமலா பிரியாணி வாங்கித் தந்தாளாம். தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளாம். கடைசியில் மயங்கி விழுந்து அவளுக்கும் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிறகுதான் என் கட்டிலுக்கு வந்து சொன்னான். "அம்மா, அவ ஒண்ணும் சாப்புட மாட்றா. செத்துப் போயிடுவா போல கீது."

"பேரக் கூப்டியாடா?" என்றேன்.

"எந்தப் பேரு?"

என் மகன். அந்த வீட்டில் அவளோடு வளர்ந்தவன். அவனுக்கே தெரியவில்லை. அவன் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் என்று தன் வழியில் போய்விட்டான். நானும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளையின் வாயைத் திறக்கும் சாவியை என் நாக்கிலேயே வைத்துக்கொண்டு சாகக் கிடந்திருக்கிறேன். அவன் போய்ப் பெயரைக் கூப்பிட்டானாம். இவள் அவனைப் பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்தாளாம். அவன் டீச்சர் இல்லையே. அதன்பிறகு சாப்பாட்டு வேளைக்கு அவளை என் கட்டிலுக்கே கூட்டி வந்தான், நான் படுத்தபடியே பெயரைக் கூப்பிட்டேன்.

விமலா என்னைப் பார்க்க வந்தாள். என் காலைத் துடைத்துவிட்டு, அழாமல் சொன்னாள். "அத்தை, உங்கள நான் பாத்துக்கிறேன். படுக்கையில கெடந்தாலும் பாத்துக்கிறேன். ஆனா அவங்கள என்னால முடியாது. சத்தியமா முடியாது. நீங்க போன பெறவு ஏமாத்துனேன்னு இருக்க வேணாம், இப்பவே சொல்லிட்றேன்." அவள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. சபையில் எல்லோரும் சொன்ன ஆறுதலைவிட அவள் சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது. உண்மை அல்லவா!

நான் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்ததும் தானியேல் என்னைக் காரில் வைத்து, பியூலா மாதிரிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு இல்லத்துக்குக் கூட்டிப் போனான், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று. குறை சொல்ல ஒன்றும் இல்லை. தரை பளபளவென்று இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு. நடத்துகிறவர்கள் அன்பானவர்கள். எங்கள் கார் நின்றதும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கு ஓடி வந்தார்கள். பியூலா வயசுப் பெண்கள், அவளைவிடப் பெரியவர்கள். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தன் ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அன்று காரில் திரும்பும்போது நான் ஜெபித்த மாதிரி என் ஆயுசில் ஜெபித்ததில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் கார் நின்றுவிட்டது. நான் சத்தமாகவே கேட்டேன். "என்னை இப்ப கூப்பிடக் கூடாது. அவளுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டால் நீர் தேவனே இல்லை. அவளுக்குப் பிறகு ஒரு நாள். ஒரே நாள்." தானியேல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான்.

கர்த்தர் கேட்டார். டாக்டர்கள் கைவிட்ட இருதயம் அடித்தது. நீர் வற்றியது. ஆறு மாதத்தில் நான் என் வீட்டில், என் அடுப்பில் கஞ்சி வைத்தேன். பெயரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்று கை தூக்கிச் சாப்பிட்டாள். இந்த இடத்தில் சாட்சியை முடித்திருந்தால் போதகர் கேட்ட மாதிரி சின்னதாக, சந்தோஷமாக இருந்திருக்கும். நீங்களும் அல்லேலூயா சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.

கேட்டதில் பாதிதான் அது. மீதிப் பாதியும் வந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதுமை சீக்கிரம் வந்துவிடுமாம். நாற்பத்தைந்து வயதில் பியூலா மறக்கத் தொடங்கினாள். குளியலறை எது என்று மறந்தாள். செருப்பை மறந்தாள். கொஞ்சம் தெரிந்ததையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு வலிப்பு வந்தது. விழுங்க மறந்தாள். வாயில் ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குப் போய், கார்த்திகை மழையில் சளி கட்டிக்கொண்டது. அதே ஆஸ்பத்திரி. சபை முழுக்க அவளுக்காக உபவாசம் இருந்தீர்கள். அதை மறக்கவில்லை.

நான் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட்டபோது பார்த்தேன். மூக்கில் குழாய். கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தெரிந்த பயத்தை நான் என்னவென்று எழுதுவேன்? வெளியே வந்ததும் புத்தி பேதலித்தவள் மாதிரி ஆகிவிட்டேன். நாற்பத்தாறு வருஷம் கேட்டதை ஒரு நொடியில் மாற்றிக் கேட்டேன். "வேண்டாம் ஆண்டவரே. தெரியாமல் கேட்டுவிட்டேன். கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அவள் இருக்கட்டும். இல்லத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். என்னை எடும்." மணி அடித்துத் தாளை வாங்கி வைத்த பிறகு, திருத்தித் தருகிறேன் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். நான் ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. அவரும் கொடுக்கவில்லை.

கடைசியாக உள்ளே விட்டபோது அவள் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னேன். நர்ஸ் நல்ல பெண், அவிழ்த்தாள். காதருகில் குனிந்து பெயரைக் கூப்பிட்டேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கை கொஞ்சம் எழும்பிக் கீழே விழுந்தது. விடிந்து, காலை ஷிப்ட் பஸ்கள் போகும் நேரத்தில் அவள் போய்விட்டாள்.

நானே குளிப்பாட்டினேன். அடக்கத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்ன சொன்னீர்கள் தெரியுமா? "பாரம் எறங்கிச்சு டீச்சர்." "உங்களுக்கு விடுதலை." "ஆண்டவர் உங்க ஜெபத்தக் கேட்டாரு பாத்தீங்களா." சிரித்த முகமாகச் சொன்னீர்கள். அன்று என் கையில் பிரம்பு இல்லை, உங்கள் நல்ல காலம்.

மறுநாள் காலையில் குளித்தேன். வெள்ளைப் புடவை கட்டினேன். வாசலைத் தாழ் போடாமல், தூக்குகிறவர்களுக்குச் சிரமம் இல்லாமல், கட்டிலில் நேராகப் படுத்துக் கண்ணை மூடினேன். ஒரு நாள் கேட்டேன், அந்த நாள் முடிந்தது. இனி என் முறை. பத்து மணி வாக்கில் எனக்குப் பசித்தது.

எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா! எழுந்து பழைய சோற்றைத் தின்றேன். அடுத்த நாளும் பசித்தது. அதற்கு அடுத்த நாளும். டாக்டர் என் இருதயத்தைச் சோதித்துவிட்டு, முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார். ஒரு நாள் கேட்டவளுக்குக் கர்த்தர் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தார். இதைத்தான் நீங்கள் நீண்ட ஆயுசின் ஆசீர்வாதம் என்கிறீர்கள். நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தேன், உங்களோடு சேர்ந்து உதட்டை அசைத்தேன், அவ்வளவுதான். ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் பியூலாவுக்குச் செய்ததை நான் கர்த்தருக்குச் செய்தேன், முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டேன்.

என் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வாடகை அறைகள் கட்டியிருக்கிறார்கள். தெற்கே இருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள்தான் எல்லாம். போன மாதம் ஒருநாள் சாயங்காலம், அதில் ஒரு பெண் என் வாசலில் நின்றாள். பெயர் மாரிச்செல்வி, தென்காசிப் பக்கம். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஐந்து வயது இருக்கும். தலை நிற்கவில்லை. கை கால் முறுக்கிக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில். நான் அந்தக் குழந்தையைப் பார்க்காமல் தூணைப் பார்த்தேன்.

"டீச்சரம்மா, ஒங்க மவ ஒங்களுக்கு முந்திப் போவணும்னு நீங்க சாமிகிட்ட கேட்டியளாம்லா? அப்படியே நடந்துட்டுன்னு ஹவுஸ்ஓனரம்மா சொன்னாவ" என்றாள். "நான் ஒங்க சாமியக் கும்புடுதவ இல்ல. ஆனா எனக்கும் கேட்டுத் தாங்க. இந்தப் பொன்மணிக்குக் கேளுங்க. இவ அப்பா விட்டுட்டுப் போயிட்டாவ. நான் செத்துட்டா இவள யாரு பாப்பா?"

சபையாரே, இதுதான் என் சாட்சி போய்ச் சேர்ந்த இடம். டீச்சர் ஜெபித்தால் பிள்ளை சாகும் என்று நம்பி ஒருத்தி வந்து நிற்கிறாள். அவளுடைய விசுவாசத்தில் குறை சொல்ல முடியாது. நம்மில் பலரிடம் அவ்வளவு இல்லை.

"அத நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன் டீச்சரம்மா? எங்களுக்குன்னா கேக்க மாட்டாரா?"

"கேப்பாருடி. நிச்சயமா குடுத்துருவாரு. அதனாலதான் மாட்டேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகை நின்றதும், "நீ ஷிப்டுக்குப் போனா கொழந்த எங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"ரூம்லதான். செல்லுல படம் போட்டு வச்சிட்டு, வெளிய பூட்டிட்டுப் போயிருவேன். ஓட்டின்னு கூடுதல் நேரம் பாக்கச் சொன்னா, வர ராத்திரியாயிரும். என்ன செய்ய?"

அவள் திரும்பி வரும் வரை எத்தனை மணி நேரம் அந்தக் குழந்தை ஒரே ஈரத்தில் கிடக்கும் என்று என் புத்தி தானாகக் கணக்குப் போட்டது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பந்தலில் சிரித்தவர்கள் மேல், பால் காட்டாதே என்ற மாமியார் மேல், முதுகைக் காட்டின மனுஷன் மேல், எல்லோர் மேலும் இத்தனை வருஷம் அடக்கி வைத்த கோபம் ஒன்றாக எழும்பி வந்தது. வந்து, போகிற இடம் தெரியாமல் நின்றது. "இங்க கொண்டாந்து வுட்டுட்டுப் போ" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். கனமே இல்லை. என் மார்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு, என் காதுத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது என்னை டீச்சர் என்று கூப்பிடப் போவதில்லை. எதுவென்றும் கூப்பிடப் போவதில்லை. அவள் ராத்திரி ஷிப்டுக்குப் போனதும் கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டி, விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தேன். பெயரைக் கூப்பிடவில்லை. இந்தப் பிள்ளை யார் ஊட்டினாலும் சாப்பிட வேண்டும்.

அது தூங்கின பிறகு ஒரு வருஷம் கழித்துக் கர்த்தரோடு பேசினேன். ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கவில்லை, சண்டை பிடித்துத்தான் தொடங்கினேன். "இதற்குத்தான் என்னை வைத்திருந்தீரா? வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். பிறகு, என் பியூலா அந்த இல்லத்து இரும்பு கேட்டுக்கு ஒருநாளும் ஓடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வந்தவர் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து அவள் ஒருநாளும் திரும்பிப் போகவில்லை. கடைசிவரை நான் இருந்தேன். அதற்காக அழுதேன். அதற்காக நன்றி சொன்னேன். நாற்பத்தாறு வருஷம் கேட்டதைக் கொடுத்தவருக்கு, கொடுத்து ஒரு வருஷம் கழித்து நன்றி சொன்னேன். வலியோடு சொன்ன நன்றியும் நன்றிதான். இப்போது தினமும் ஜெபிக்கிறேன். எனக்கு எத்தனை நாள் என்று கேட்பதில்லை. யாருக்கு முன், யாருக்குப் பின் என்றும் கேட்பதில்லை. காலையில் எழுந்து நிற்கக் காலில் பெலன் கேட்கிறேன். அது கிடைக்கிறது.

சாட்சியின் முடிவில் எல்லோரும் கர்த்தரை நம்புங்கள் என்று அழைப்பார்கள். நானும் அழைக்கிறேன். ஜெபம் கேட்கப்படும். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை, அனுபவித்தவள் சொல்கிறேன். ஆனால் என் பியூலாவுக்காக நீங்கள் உபவாசம் இருந்தீர்கள், சுகமாகட்டும் என்று எண்ணெய் பூசினீர்கள், மேடை ஏற்றினீர்கள். நாற்பத்தாறு வருஷத்தில் ஒருவர்கூட, "டீச்சர், நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க, அதுவரைக்கும் நான் இவகூட உக்காந்திருக்கேன்" என்று சொன்னதில்லை. குத்திக்காட்டத்தான் சொல்கிறேன். குத்தட்டும்.

எனக்கு வயதாகிவிட்டது. மத்தியானம் கண் சொக்குகிறது. பொன்மணிக்கு விழுங்கும்போது புரையேறும், பக்கத்தில் விழித்திருக்கிற ஆள் வேண்டும். வருகிறவர்கள் தலையில் கை வைக்க வேண்டாம், எண்ணெய் கொண்டுவர வேண்டாம். சும்மா வந்து உட்கார்ந்தால் போதும். திங்கட்கிழமையிலிருந்து மாரிச்செல்விக்குக் காலை ஷிப்ட். ஐந்தரைக்கே குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிடுவாள்.

யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.